சங்கத்து மாடியில் இறங்காத மஞ்சள் கொடி

சேந்தன்பட்டினம் துறைமுக வர்த்தகர் சங்கத்தில் எழுதிவைத்த விதிகள் நாற்பத்தேழு இருந்தன, அவற்றில் ஒன்றைக்கூட யாரும் மதித்ததில்லை. எழுதாத வழக்கம் ஒன்றே ஒன்று இருந்தது, அதை மீற யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அந்த ஊர்க் கரையில் ஆழம் கிடையாது. கப்பல்கள் இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், சங்கத்துக்காரர்களின் தோணிகள் போய்த்தான் சரக்கையும் ஆட்களையும் இறக்கிக்கொண்டு வர வேண்டும். சங்கக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு தேக்குக் கம்பம் உண்டு. அதில் மஞ்சள் கொடி ஏறினால் கப்பல் பொறுத்திருக்க வேண்டும், இறங்கினால் தோணி புறப்பட்டுவிட்டது என்று பொருள். கொடியைச் சங்கத் தலைவர் மட்டும்தான் தொடலாம். ஏற்றிய கைதான் இறக்கவும் வேண்டும். இதுதான் அந்த வழக்கம். ஏன் என்று கேட்டால், ‘என்னைக்கும் அப்படித்தான்’ என்பார்கள். அந்த ஊரில் பாதி விஷயங்களுக்கு அதுதான் காரணம்.

சங்கத்தில் அப்போது எழுத்தராக இருந்தவன் பால்வண்ணம். இருபத்தேழு வயது, முத்து முத்தான கையெழுத்து, கல்யாணமாகி ஏழே மாதம். அவன் மனைவி வடிவு, தன் தங்கை கல்யாணத்துக்காகக் கொழும்பில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பத்து நாளில் வருகிறேன் என்று போனவள் இரண்டு மாதம் இருந்துவிட்டாள். அந்த இரண்டு மாதமும் பால்வண்ணம் தோசையைச் சாம்பாரில் தோய்ப்பதற்குப் பதில் தண்ணீர்த் தம்ளரில் தோய்த்துச் சாப்பிட்டான் என்று அவன் அப்பாவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை, அவளைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் இருந்தான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், சங்கத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, கொழும்பிலிருந்து ‘மார்க்கரெட்’ கப்பல் வந்து நின்றது. ஓட்டு எண்ண வேண்டியவன் பால்வண்ணம். எண்ணி முடிக்காமல் எழுந்து போனால் உப்புக்காரர்கள், தோணிக்காரர்கள் என்று இரண்டு தரப்பும் சேர்ந்து அவனை உரித்துவிடும். போகாமல் இருந்தால் வடிவு வேறு யாருடைய கையையோ பிடித்துத் தோணியில் இறங்கிவிடுவாள். அவன் தலைவரிடம் போய்த் தலையைச் சொறிந்தான். தலைவர் அணைஞ்சபெருமாள் உப்பு வியாபாரி, பெரிய சரீரம், அதைவிடப் பெரிய குரல்.

“அண்ணாச்சி, கப்பல்ல வடிவு வாரா. எண்ணி முடிக்க இன்னும் அரை மணி நேரம் ஆவும். அது வரைக்கும் ஒரு மஞ்சளை ஏத்தி வையிங்களேன். மொதத் தோணியில நானே போயிக் கூட்டிட்டு வந்திருதேன்.”

“பொண்டாட்டிக்காக ஒரு கப்பலையே நிறுத்தணுமாக்கும்! வெளங்கும்வே!” என்று மண்டபமே அதிரச் சிரித்த அணைஞ்சபெருமாள், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாடிக்குப் போய்த் தன் கையாலேயே மஞ்சள் கொடியை ஏற்றினார். அப்போது மணி நாலு பத்து.

அரை மணி நேரத்தில் ஓட்டு எண்ணி முடிந்தது. அணைஞ்சபெருமாள் மூன்று ஓட்டில் தோற்றுப்போனார். ஜெயித்தவர் தோணிக்காரர் சலேத்து, ஒல்லியான மனிதர், கோபம் வந்தால் குரல் இறங்கிப்போகிறவர். பால்வண்ணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோணிக்கு ஓடத் தயாரானபோதுதான் மாடிப்படியில் சண்டை மூண்டது. கொடியை இறக்க அணைஞ்சபெருமாள் போனார். “இனி நீரு தலைவரு கெடையாது, கம்பத்தைத் தொடாதேயும்,” என்றார் சலேத்து. சரி, நீரே இறக்கும் என்று விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். “ஏத்துன கை இது. இது இருக்க இன்னொரு கை எறக்கிருமா?” என்று படியை அடைத்துக்கொண்டு நின்றார் அணைஞ்சபெருமாள். தலைவராக இருப்பவர் ஏற்றவில்லை, ஏற்றியவர் தலைவராக இல்லை. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து கொடி ஏறியிருக்கும்போது தலைவர் மாறியதே இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் இரண்டு காரில் ஜில்லா கோர்ட்டுக்குப் போனார்கள். மறு உத்தரவு வரும்வரை இப்போதுள்ள நிலையே நீடிக்க வேண்டும் என்று மத்தியானத்துக்குள் உத்தரவாகிவிட்டது.

நிலை நீடித்தது. மார்க்கரெட் கப்பலின் புகை முந்தின நாள் கொடி ஏறியபோது எந்த உயரத்தில் நின்றதோ அந்த உயரத்திலேயே நின்றது. அதன்மேல் சிறகை விரித்த இரண்டு கடல்காகங்கள் விரித்தபடியே இருந்தன. கட்டுமரம் எடுத்துக்கொண்டு போனவர்கள் பொழுதெல்லாம் துடுப்புப் போட்டுப் பார்த்துவிட்டு, கப்பல் கிட்டேயும் வரவில்லை தூரமும் போகவில்லை, கை வலிதான் மிச்சம் என்று திரும்பி வந்தார்கள். கோர்ட்டு உத்தரவு என்றால் சும்மாவா என்று சேந்தன்பட்டினத்தார் பேசிக்கொண்டார்கள். வேறு காரணம் யாரும் தேடவில்லை, அதற்கு அவசியமும் அவர்களுக்குத் தெரியவில்லை.

முதல் மாதம் ஊர் அழுதது. கப்பலில் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள், அறுபத்திரண்டு வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. இரண்டாம் மாதம் அந்த வீடுகளுக்குக் ‘கப்பல் வீடு’ என்று பேர் வந்தது. மூன்றாம் மாதம் கப்பல் வீட்டார் எல்லாரும் சேர்ந்து சங்கத்துக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள், சங்கமும் உடைந்த கப்பல் ஒன்றிலிருந்து கழற்றிய தூரக்கண்ணாடியை மொட்டைமாடியில் கம்பத்துக்குப் பக்கத்தில் பொருத்திக் கொடுத்தது. கம்பத்தைத் தொடாமல் கண்ணாடியில் பார்க்கலாமா என்று வக்கீலைக் கேட்டு எழுதி வாங்கிய பிறகுதான் அதையும் செய்தார்கள். வீட்டுக்குப் பத்து நிமிஷம், வரிசைப்படி. அந்த வரிசையை எழுதியவன் பால்வண்ணம். தன் பேரை அவன் சாயங்காலம் நாலு பத்துக்குப் போட்டுக்கொண்டான், அதை யாரும் கேட்கவில்லை.

கண்ணாடியில் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கப்பல் செத்துப்போய் நிற்கவில்லை, ரொம்ப மெதுவாக வாழ்ந்துகொண்டிருக்கிறது என்று. கப்பல் தலைவரின் அறைக்கு வெளியே ஒரு கடிகாரம் தொங்கியது. தம்பியைக் கப்பலில் விட்டிருந்த கணக்கு வாத்தியார் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்து, இங்கே ஒரு வருஷம் போனால் அங்கே ஒரு நிமிஷம் போகிறது என்று கண்டுபிடித்தார். அடுத்த ஆடியில், கொடி ஏறிய அதே நாளில், நாலு பத்தில் நின்ற முள் நாலு பதினொன்றுக்கு நகர்ந்தபோது மாடியில் நின்றவர்கள் கைதட்டினார்கள், யாரோ சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தார்கள். அது ‘நிமிஷப் பொங்கல்’ என்று நிலைத்துவிட்டது. சர்க்காரும் அந்த நாளுக்கு உள்ளூர் விடுமுறை விட்டது.

அப்படி அப்படியே ஊர் பழகிக்கொண்டது. ஜனத்தொகை எடுக்க வந்தவர்கள் அறுபத்திரண்டு பேரையும் ‘வழியில் இருப்போர்’ என்று தனியாக ஒரு பத்தியில் எழுதிக்கொண்டார்கள். மாமனோடு கப்பலில் வந்த ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு ஒன்றாம் வகுப்பில் ஜன்னல் ஓரம் இடம் போட்டு வைத்தார்கள், டீச்சர் தினமும் அவன் பேரைக் கூப்பிட்டு, வகுப்பே சேர்ந்து ‘வந்துகிட்டிருக்கான் டீச்சர்’ என்று சொன்ன பிறகுதான் அடுத்த பேருக்குப் போவாள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் கப்பலை அடையாளம் வைத்து வலை போட்டார்கள். கல்யாண வீட்டில் தாலி கட்டி முடித்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் கடல் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவார்கள், கப்பலில் யாராவது மாமனோ அத்தையோ இருக்கத்தானே செய்வார்கள். சேந்தன்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வேறு ஊருக்குப் போனால், உங்க ஊர்க் கப்பல் எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டு முழித்தார்கள்.

சங்கம் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. உப்புக்காரர்கள் கீழ்த்தளத்திலும் தோணிக்காரர்கள் மாடியிலும் தனித்தனியாகக் கூட்டம் போட்டார்கள். இரண்டு முத்திரை, இரண்டு ஆண்டு விழா, இரண்டு விருந்து. தீர்மானப் புத்தகம் ஒன்றுதான், அதை எழுதப் பழகிய கை பால்வண்ணத்துடையதுதான் என்பதால், காலையில் அவன் உப்புக்கும் மத்தியானத்துக்கு மேல் தோணிக்கும் வேலை பார்த்தான். இரண்டு தரப்பும் மற்றத் தரப்பைத் திட்டுவதை அவனிடம்தான் திட்டும், அவனும் அதைச் சுத்தமான தமிழில் எழுதி வைப்பான்.

அவன் உயிர் இருந்தது நாலு பத்தில்தான். வடிவு கப்பலின் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து கரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள், மாம்பழக் கலரில் சேலை. ஒரு வாரத்தில் அவள் கை கம்பியை விட்டு எழுந்து நெற்றியில் போய் வெயிலை மறைத்தது. முந்தானை ஒரு தடவை படபடத்து அடங்க இரண்டு நாள் ஆனது. ஐந்தாம் வருஷத்தில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் ஏதோ சொல்ல, வடிவு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டோரத்தில் தொடங்கி, பல் தெரிந்து, கண் இடுங்கி, மெல்லத் தணிய மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று வாரமும் பால்வண்ணம் தரையில் நடக்கவில்லை. பார்த்தவருக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தான். உப்புத் தரப்பு அனுப்பிய கடுதாசியில் ‘அயோக்கியர்களே’ என்பதை ‘அன்பர்களே’ என்று எழுதி அனுப்பிவிட்டு ஏச்சும் வாங்கினான். அந்த அம்மாள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊரே பந்தயம் கட்டியது. ஒன்பதாம் வருஷம் வடிவு உள்ளே பெட்டியை எடுக்கப் போனாள். எட்டு மாதம் அந்தக் கம்பியோரம் வெறுமனே கிடந்தது. அந்த எட்டு மாதமும் வெறும் கம்பியையே தினமும் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு இறங்கிப்போனான். அவன் அப்பா காலமானதும் அந்த எட்டு மாதத்தில்தான், அழக்கூட அவனுக்குக் கண்ணில் தெம்பில்லை.

“இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோயேன்டே. அவ வரும்போது வரட்டும்,” என்றாள் அவன் அக்கா ஒரு நாள்.

“வழியில இருக்கா அக்கா. வீட்டுக்கு வந்துகிட்டு இருக்கவளுக்கு எடம் இல்லேன்னு சொல்ல முடியுமா?” என்றான்.

இவ்வளவும் ஊர் அறிந்தது. ஊர் அறியாத ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் இந்தச் சங்கத்தின் சரித்திரம் நிறையாது.

பத்தொன்பதாம் வருஷம், அணைஞ்சபெருமாளும் சலேத்தும் மூன்று மாத இடைவெளியில் போய்ச் சேர்ந்த பிறகு, அவர்களுடைய மகன்கள் இருவரும் அலுத்துப்போய் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் கோர்ட்டு விலகிக்கொள்ளும், கொடியை இறக்கிவிடலாம். ஒப்பந்தத்தை எழுதும் வேலை பால்வண்ணத்துக்குத்தான் வந்தது. எழுத உட்காரும் முன் முகம் சிரைக்கப் போனான். சலூன் கண்ணாடியில், காதோரம் நரைத்து, கன்னம் ஒட்டி, அவன் அப்பா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு நாற்பத்தாறு, அவளுக்கு இன்னும் இருபத்தொன்றுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி இறங்கப்போகிறவள் இந்த முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு எத்தனை விரைவாக அணைந்துபோகும் என்று நினைத்தான். தூரக்கண்ணாடியில் அவள் இருந்தால் போதும், அங்கிருந்து அவளால் உன்னைப் பார்க்க முடியாது என்று ஒரு பாவி மனசு அவனுக்குள் சொன்னது.

திரும்பிப் போய், எல்லா வரியையும் சரியாக எழுதினான். ஒரே ஒரு வரியில் மட்டும், ‘உப்பு வர்த்தகர் தரப்பின் பெருந்தன்மையால்’ என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்தான். சங்கத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அது என்ன செய்யும் என்று நன்றாகவே தெரியும். தோணித் தரப்பு அந்த வரியைப் படித்தது, பெருந்தன்மை யாருடையது என்று கேட்டது, உப்புத் தரப்பு அதை எடுக்க முடியாது என்றது, நாற்காலிகள் பறந்தன. வழக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் ஓடியது. பால்வண்ணம் அந்தப் பன்னிரண்டு வருஷமும் நாலு பத்துக்கு மாடி ஏறினான். ஆனால் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் பாதத்தையே பார்த்துவிட்டு இறங்கினான்.

அதற்குள் ஊர் மாறிவிட்டது. வடக்கே ஆழத்துறைமுகம் வந்து பெட்டிப் பெட்டியாய் இரும்புக் கண்டெய்னர்கள் இறங்கின, தோணிகள் மணலில் கிடந்து மக்கின. முப்பத்தோராம் வருஷத் தேர்தலில் அணைஞ்சபெருமாளின் பேத்தி ஆவுடைச்செல்வி தலைவி ஆனாள். கப்பல் ஏஜென்சி நடத்துகிறவள், தாத்தாவின் குரல் அப்படியே இருந்தது. அவள் முதல் கூட்டத்திலேயே இரு தரப்பையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்து, “எங்க தாத்தா ஏத்துன கொடி. தாத்தா கை சாம்பலாயிப் போச்சு. அறுபத்திரெண்டு பேரை நடுக்கடல்ல நிக்கவச்சிட்டு இங்கன என்ன பெருந்தன்மை வேண்டிக் கெடக்கு?” என்று ஒரு போடு போட்டாள். அரைமணி நேரத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முப்பத்தொரு வருஷம் முடியாதது அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டதைக் கண்டு எல்லாருக்கும் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

“யாரு எறக்குறது?” என்றார் சலேத்தின் மகன்.

“அன்னைக்கு மண்டபத்துல இருந்தவுகள்ல இப்பவும் சங்கத்துல இருக்கது அண்ணாச்சி ஒருத்தருதான். அவுகளே எறக்கட்டும்,” என்று பால்வண்ணத்தைக் காட்டினாள் ஆவுடைச்செல்வி.

அவர் எழுந்து நின்றார். அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், “ஏத்தச் சொன்னது நாந்தான். பன்னெண்டு வருசத்துக்கு முந்தி அந்த ஒப்பந்தத்தைக் கெடுத்த வரியை வேணும்னு எழுதுனதும் நாந்தான். எனக்கு நரைச்சுப்போச்சுன்னு அதைச் செஞ்சேன்,” என்றார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கப்பல் வீட்டார் எழுந்து வந்து தன்னை நாலு அறை அறைவார்கள் என்று காத்து நின்றார். ஒருவரும் வரவில்லை. மகனுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் போட்டு வைத்துக் காத்திருந்த தாய் அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குள்தான் செத்துப்போயிருந்தாள். அவளுடைய மகள் மட்டும் எழுந்து நின்று, “போயி எறக்குங்க,” என்றாள். அறை வாங்கியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். வெளுத்து, கிழிந்து, கைக்குட்டை அளவுக்கு மிஞ்சியிருந்த கொடி கீழே இறங்கியது. அதே நொடியில் கடல்காகம் இரண்டும் சிறகடித்துப் பறந்தன, புகை காற்றில் சாய்ந்தது, மார்க்கரெட்டின் சங்கு ஊதியது, முப்பத்தொரு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்காத ஊர் வீட்டையும் கடையையும் போட்டது போட்டபடி போட்டுவிட்டுக் கரைக்கு ஓடியது. தோணி ஒன்றுகூட இல்லை. மீன்பிடிக்கிற ஃபைபர் படகுகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். முதல் படகில் பால்வண்ணம் ஏறினார். ஒளிந்துகொள்ள வேண்டும் என்று மாடியிலிருந்து இறங்கும்போது நினைத்தவர் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

கப்பல் இப்போது கிட்டே வர வர வளர்ந்தது. பக்கவாட்டில் ஏணி இறங்கியது. வடிவு பெட்டியும் கையுமாக மேல்படியில் நின்றாள். தூரக்கண்ணாடி அவளுடைய மூக்கின் பக்கத்து மச்சத்தைக் காட்டியதே இல்லை, அதை அவர் மறந்தே போயிருந்தார். அவள் ஏணியில் பாதி இறங்கி, படகில் நின்ற நரைத்த மனிதரைக் கண்டதும் சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“வாங்க மாமா. நீங்க எதுக்கு இந்த வெயில்ல வந்திய? அவுக வரலியா?” என்றாள்.

அப்பாவின் முகம் அவருக்கு அப்படியே வந்திருந்தது. ஆமாம்மா, அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது.

“நாந்தான் வடிவு,” என்றார்.

குரலுக்கு வயசாகவில்லை. அவள் ஏணியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் இறங்கக் காத்திருந்தவர்கள், போம்மா போம்மா என்றார்கள். அவள் அவருடைய நெற்றியைப் பார்த்தாள், ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தாள், தன்னை நோக்கி நீண்டிருந்த, நரம்பு புடைத்த கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்து இறங்கிப் படகில் உட்கார்ந்தாள். கையை விடவில்லை.

படகு திரும்பியது. மற்றப் படகுகளில் யாரோ சிரித்தார்கள், யாரோ ஓவென்று அழுதார்கள். பெரிய பெண் ஒருத்தி ஒரு சின்னப் பையனை மடியில் வைத்துக்கொண்டு, நான் உன் தங்கச்சிடா என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அவன் நம்பாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பால்வண்ணம் வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னார், ஓட்டு எண்ணியதை, அரை மணி நேரம் கேட்டதை, கோர்ட்டை, மூன்று வார அல்வாவை, சலூன் கண்ணாடியை, அந்த வரியை. எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது கரை பக்கத்தில் வந்திருந்தது.

“ஒன்னைய நிக்கவச்சது நாந்தான். எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடு,” என்றார்.

வடிவு பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு சுருக்கமாகத் தொட்டுப் பார்த்தாள், தாடையில், கண்ணோரத்தில், நெற்றியில். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“நான் அரை மணி நேரந்தான நின்னேன், எனக்கு என்ன? இம்புட்டும் நான் பாத்திருக்க வேண்டியதுல்லா. ஒண்ணைக்கூட எனக்குக் காட்டாம, நீங்க மட்டும் தனியா வயசாயிட்டு வந்து நிக்கியளே,” என்று சொல்லி அழுதாள்.

படகு மணலில் முட்டி நின்றது. கரையில் கூட்டம் ஆரவாரித்தது. அவர்கள் இரண்டு பேர் மட்டும் இறங்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.